தத்திச் செல்லும் கண்கள்

எதிரில் ஒருவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தால் அவர் கண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அவை வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவி மாதிரி தத்தித் தத்திப் போகின்றன. ஒரு சொல்லில் ஏறக்குறைய கால் நொடி நிற்பு, சட்டென்று ஒரு தாவல், மறுபடி நிற்பு. புரியாத இடம் வந்தால் சின்னதாய் ஒரு பின்வாங்கல். வரி முடிந்ததும் இடது ஓரத்துக்கு ஒரே வீச்சு. தாவும் கணத்தில் கண்ணுக்கு அநேகமாக எதுவும் தெளிவாய்ப் படுவதில்லை. ஆனாலும் படிப்பவருக்கு எங்கும் அறுபட்ட உணர்வே வராது. என்ன நேர்த்தி!

ஊசியில் நூல் கோப்பவரிடம் இது வேறு விதம். இமைப்புகூடக் குறைந்து, விழி அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். அப்போதும் அது மிக நுண்ணிதாய் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அடியோடு நின்றுவிட்டால் காட்சியே மங்கிப்போகும். நூல் காதுக்குள் நுழைந்ததும் நிதானமாய் ஓர் இமைப்பு, பார்வை எங்கோ தூரத்தில் தளர்கிறது. எனக்கு மிகப் பிடித்தவை, ரயில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பவரின் கண்கள். ஓடும் மின்கம்பத்தைக் கொஞ்ச தூரம் மெல்லத் தொடர்ந்து, விட்டுவிட்டு, அடுத்த கம்பத்துக்குத் துள்ளித் திரும்புகின்றன. அவரோ வீட்டு நினைவில் இருப்பார். கண்கள் இப்படி உழைப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.