துடைக்காமல் விட்ட மை

1879-இல் ஓவியர் விஸ்லர் வெனிஸுக்குக் கிளம்பியபோது, லண்டன் ஃபைன் ஆர்ட் சொசைட்டி அவரிடம் கேட்டது 12 எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் படம்); தந்த அவகாசம் மூன்று மாதம். அவர் தங்கியதோ 14 மாதம். திரும்பும்போது ஏறத்தாழ 50 தகடுகள் கையில் இருந்தன. அவற்றில் 'நாக்டர்ன்' என்ற தகட்டைப் பார்த்தால் கோடுகள் சொற்பம். நீரின் மேல் கவிந்த இருட்டு கோட்டில் இல்லை. அச்சிடும்போது தகட்டின் மேல் துடைக்காமல் விட்ட மையில் இருக்கிறது. அதனால்தான் ஒரே தகட்டின் படிகளில் ஒன்று அந்தியாகவும் இன்னொன்று நள்ளிரவாகவும் நிற்கின்றன.

கலைஞர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் இன்றைய ரெசிடென்சிகள் பொதுவாக அப்படி மீறித் தங்க விடுவதில்லை. பெங்களூரு ரெசிடென்சிகளுக்குப் பழகிய ஊர். சுரேஷ் ஜெயராம் 2003-இல் சாந்திநகரில் தொடங்கிய ஒன் சாந்தி ரோடு ஸ்டூடியோவுக்கு வெளியூர்க் கலைஞர்கள் வந்துபோகிறார்கள். கதே நிறுவனம் ஜெர்மனியிலிருந்து வருபவர்களைச் சில வாரங்கள் தங்கவைக்கிறது. வந்தவரை இந்நகரின் இரவு இழுப்பதில் வியப்பில்லை. பதிப்போவியத்துக்கும் இரவுக்கும் பொருத்தம் அப்படி. மெஸ்ஸோடின்ட் என்ற முறையில் தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கிக் கன்னங்கறுப்பாக்கிவிட்டு, வெளிச்சத்தை மட்டும் தேய்த்தெடுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் இருட்டைப் பூசும் ஓவியருக்கு நேர் எதிரான வேலை அது. தெருவிளக்கு செய்வதும் அதைத்தான்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. மெஸ்ஸோடின்ட் தகடு ஒன்றைத் தயார் செய்யவே நாட்கள் ஓடிவிடும். அக்வாடின்டில் பிசின்தூளைத் தூவி, சூடாக்கி, அமிலத்தில் கட்டங்கட்டமாக அரிக்கவைத்து, சோதனைப்படி எடுத்துத் திருத்த வேண்டும். சில வாரங்களே தங்கக் கிடைத்தவர் லினோகட்டுக்கோ மோனோடைப்புக்கோ போவது நியாயமே. ஆனால் லினோவின் தட்டையான கறுப்பு ஒரு வசதியையும் தருகிறது: தெரியாததையெல்லாம் அதற்குள் தள்ளிவிடலாம். வெறிச்சோடிய மேம்பாலம், ஒற்றை ஆட்டோ, ஒரு தெருநாய். இதை எந்த ஊரிலும் வெட்டலாம்.

பெங்களூரு இரவு அவ்வளவு கறுப்பும் அல்ல. சிவனசமுத்திரத்து மின்சாரத்தில் 1905-லேயே தெருவிளக்கு ஏற்றிய நகரம் இது. இன்று எல்.இ.டி. வெள்ளை, மிச்சமிருக்கும் சோடியம் மஞ்சள், விளம்பரப் பலகையின் நீலம் எல்லாம் ஒரே முக்கில் மோதிக்கொள்கின்றன. சித்தூர்ப் பக்கத்துப் பதிப்போவியர் கிருஷ்ண ரெட்டி, பாரிஸின் அட்டெலியே 17 பதிப்போவியக் கூடத்தில் சகாக்களோடு வளர்த்தெடுத்த விஸ்காசிட்டி முறையில், மைகளின் இளக்கத்தை மாற்றி ஒரே தகட்டிலிருந்து பல வண்ணம் எடுக்க முடியும். இந்த வெளிச்சத்துக்கு அதுதான் சரி என்பது என் எண்ணம். கறுப்புவெள்ளை இங்கே பார்த்து எடுத்த முடிவாக இல்லை, பல நேரம் வெறும் பழக்கமாகவே இருக்கிறது.

இந்த ஊரின் இரவுக்கு ஒக்கலிபுரத்தை எடுத்துக்கொள்வோம். சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி; தண்டவாளம், சுரங்கப்பாதை, அடுத்தாற்போல் ஸ்ரீராமபுரம். தமிழ்க்குரல் நிறையக் கேட்கும் இடம். இங்கே இரவு என்பது வேலை நேரமும்கூட. கடைசி ரயிலுக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர்கள், விடியுமுன் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ எடுக்கக் கிளம்புகிறவர்கள். மேம்பாலத்திலிருந்து எட்டிப் பார்க்கிறவருக்கு இவர்கள் நிழல்கள்தான். அமெரிக்க ஓவியர் ஹாப்பரின் 1921 எட்சிங் 'நைட் ஷேடோஸ்' அந்த உயரத்திலிருந்தே ஒரு மனிதனைப் பார்க்கிறது. அற்புதமான படம், ஆனால் அவன் யாரென்று அதற்குக் கவலையில்லை. ஹாப்பருக்கு எட்சிங்கில் கைகொடுத்த மார்ட்டின் லூயிஸ், 1929-இல் 'க்ளோ ஆஃப் தி சிட்டி' என்ற ட்ரைபாயின்டில் (தகட்டில் ஊசியால் நேராகக் கீறிய படம்) வேறிடத்தில் நிற்கிறார். துணிக்கொடிகளுக்கு அப்பால் ஒளிரும் கோபுரக் கட்டடத்தை, பின்கட்டு இரும்புப் படியில் நின்று ஒரு பெண் பார்க்கிறாள். நாமும் அவளோடு நின்று பார்க்கிறோம். ஸ்ரீராமபுரத்து மொட்டைமாடியிலிருந்து மந்திரி மாலின் வெளிச்சத்தைப் பார்க்கும் படம் ஒன்றை யாராவது செய்யலாம். அதற்கு அந்த மாடிக்கு ஏற வேண்டும், அந்த வீட்டில் நாலு பேரைத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

இன்னொன்று. இந்தத் தெருக்களுக்கு அச்சுக்கலை புதிதல்ல. பசைவாளியோடு இரவில் வருகிறவர்கள் ஒட்டிப்போகும் சினிமா போஸ்டரும் அச்சுதான். 1981-ஆம் ஆண்டின் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தின் பார்வையில் அது குற்றமாகலாம். வாசகர்கள் மட்டும் ஏராளம். ரெசிடென்சியில் பிறக்கும் படிகளோ வரிசை எண்ணும் கையெழுத்துமாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகின்றன. கண்காட்சித் திறப்பு பெரும்பாலும் மாலையில். படத்தில் இருப்பவர்களில் பலர் வேலைக்குக் கிளம்பும் நேரம் அது.