செவென் மலையும் "யாருமில்லாத" பாதைகளும்

போன மாதம் என் பழைய குறிப்பு ஒன்றைத் திரும்பப் படித்தேன். தெற்கு ஃபிரான்ஸின் செவென் மலைப்பகுதியில் ஐந்து நாள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து எழுதியது. பைன் காட்டுக்குள் ஒரு கல் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைத்து எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்த வரி: "மனிதக் கை படாத காடு."

படத்திலேயே சுவர் இருக்கு. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய, இடுப்பளவு உயரச் சுவர். அதற்குப் பின்னால் அதே மாதிரி இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. மனிதக் கை படாத இடத்தில் சுவர் எப்படி வந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கிராவல் பைக் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், ஆனால் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமான டயர். தார் ரோட்டிலும் போகலாம், கப்பி ரோடு, மண் ரோடு, காட்டுப் பாதையிலும் போகலாம். இந்த சைக்கிள் வந்த பிறகு ஐரோப்பாவின் மலைக் கிராமங்களுக்கெல்லாம் யாராவது ஒரு பாதை போட்டு, வரைபடத்தோடு வெளியிட்டுவிடுகிறார்கள். கூடவே ஒரு வர்ணனை இருக்கும். மொத்த தூரம், மொத்த ஏற்றம், எத்தனை சதவீதம் தார் இல்லாதது என்ற கணக்கு முதலில். பிறகு தீண்டப்படாத இயற்கை, காலம் உறைந்த கிராமங்கள், ஒரு ஆள்கூடக் கண்ணில் படாத பாதைகள். வர்ணனையை மட்டும் படித்தால் அது ஸ்பெயினா, கிரீஸா, ஃபிரான்ஸா என்று கண்டுபிடிக்க முடியாது. என்னுடைய குறிப்பும் இதே ரகம்தான்.

இதை ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு விமர்சிக்க செவென் நல்ல இடம். ஏனென்றால் இதே மலையைப் பற்றி இரண்டு நல்ல புத்தகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலாவது ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதியது. 1878 செப்டம்பரில் மொடஸ்டீன் என்ற கழுதையோடு லு மொனாஸ்டியேயில் கிளம்பி, பன்னிரண்டு நாள் நடந்து ஸான்-ஜான்-து-கார் போய்ச் சேர்ந்தார். புத்தகம் அடுத்த வருடம் வந்தது. அவர் லு போன்-த-மோன்வேர் என்ற சின்ன ஊருக்குள் நுழையும்போது ஊரின் அழகைச் சொல்வதோடு நிற்கவில்லை. 1702 ஜூலையில் அங்கே அபே து ஷைலா என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கொல்லப்பட்டதையும், கமிஸார்கள் என்ற புராட்டஸ்டன்ட் கிளர்ச்சியாளர்களின் போர் அங்கிருந்து வெடித்ததையும் சொல்கிறார். தார்ன் ஆற்றின் ஓரமாக ஃப்ளோராக் போகும் ரோடு புதிதாகப் போட்டது என்பதையும் குறித்துவைக்கிறார். வழியில் ஒரு படிக்கட்டு வயலில், செஸ்ட்நட் மரங்களுக்கு நடுவே இரவு தூங்குகிறார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். காலையில் மரம் கழிக்க வந்த ஆட்கள் பார்த்தும்விடுகிறார்கள். அது இன்னொருவர் உழைக்கும் நிலம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டீவன்சனிடம் சார்பு இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை. தன் ஊர்க் கதையை இந்த மலையில் தேடிக்கொண்டு போனவர். ஆனாலும் நடக்கும் பாதைக்கு ஒரு கடந்த காலம் உண்டு என்று நினைத்து நடந்தார்.

இரண்டாவது, டச்சு எழுத்தாளர் டிம் க்ராபே 1978இல் வெளியிட்ட நாவல். ஆங்கிலத்தில் 'தி ரைடர்' என்று வந்தது. சைக்கிள் பிரியர்களில் பலர் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். எகுவால் மலையைச் சுற்றி நடக்கும் ஒரே ஒரு பந்தயம்தான் கதை. 137 கிலோமீட்டர், கிலோமீட்டர் கிலோமீட்டராக. இதில் ஊர் சரித்திரத்துக்கு இடமில்லை. ஏற்றம், கியர், மூச்சு, பக்கத்தில் ஓட்டுகிறவனின் முதுகு, இவ்வளவுதான். ஸ்டீவன்சனுக்குப் பிறகு இதைப் படித்தால் மலையே காணாமல் போன மாதிரி இருக்கும்.

ஆனால் க்ராபே மீது எனக்கு வருத்தமில்லை. அவர் மலையைப் பற்றி எதுவும் உரிமை கொண்டாடவில்லை. "நான் பந்தயம் ஓட்ட வந்தவன், எனக்கு இவ்வளவுதான் தெரிகிறது" என்கிற நேர்மை அதில் உண்டு. இன்றைய பாதைக் குறிப்பு அப்படியில்லை. பார்ப்பது என்னவோ க்ராபே பார்த்ததைத்தான்: ஏற்றம், தூரம், டயர். பேசுவது ஸ்டீவன்சன் மாதிரி, மலையின் ஆன்மாவையே கண்டுவிட்ட தோரணையில். பிரச்சினை இந்தக் கலவையில்தான்.

செவென் விஷயத்தில் இந்தத் தோரணை ரசனைக் குறைவோடு நிற்பதில்லை, பொய்யாகிவிடுகிறது. அங்கே ஆளில்லாமல் இருப்பது இயற்கையாக வந்தது அல்ல.

1685இல் பதினான்காம் லூயி மன்னன் நான்த் சாசனத்தை ரத்து செய்தான். புராட்டஸ்டன்ட் வழிபாடு சட்டவிரோதமானது. இந்த மலை மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட்கள். லாங்குதோக் பகுதியின் நிர்வாகியாக வந்த பாவீல், படைகளும் பீரங்கியும் மலைக்குள் போக அகலமான ராஜபாட்டைகளைப் போடவைத்தார். கிளர்ச்சி 1702இல்தான் வந்தது. அதை அடக்கும் ரோடு அதற்கு முன்பே தயாராகிக்கொண்டிருந்தது. 1703 இலையுதிர் காலத்தில், கிளர்ச்சியாளர்களுக்குச் சோறும் கூரையும் கிடைக்கக்கூடாது என்று மன்னனின் சம்மதத்தோடு மலைக் கிராமங்களை அழித்தார்கள். முதலில் கடப்பாரையால் இடித்துப் பார்த்தார்கள். கல் வீடுகள் சீக்கிரம் விழவில்லை. பிறகு தீ வைத்தார்கள். அழிப்பதற்குக் குறிக்கப்பட்ட ஊர்களும் குக்கிராமங்களும் 466.

மக்கள் திரும்பி வந்தார்கள், மறுபடியும் கட்டினார்கள். செஸ்ட்நட்டும் பட்டுப்புழுவும் அவர்களை வாழவைத்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழுவுக்கு நோய் வந்தது. அதை ஆராய லூயி பாஸ்டர் 1865இல் அலெஸ் ஊருக்கு வந்தார். செஸ்ட்நட் மரத்துக்கும் நோய் வந்தது. ஆட்கள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் இறங்கினார்கள். செவெனின் வடபகுதி இருக்கும் லொசேர் மாவட்டத்தில் 1851இல் சுமார் 1,44,000 பேர். இன்றைக்கு ஏறக்குறைய அதில் பாதி. நான் சைக்கிளைச் சாய்த்த சுவர், அப்படி இறங்கிப்போன ஏதோ ஒரு குடும்பத்தின் படிக்கட்டு வயல். பைன் மரங்கள் அதற்குப் பிறகு வந்தவை.

"சரிப்பா, நான் சைக்கிள் ஓட்டப் போறேன், சரித்திரப் பரீட்சை எழுதப் போகலை" என்று யாராவது சொல்லலாம். நியாயமான கேள்வி. பாதைக் குறிப்பு ஒரு கருவி. தண்ணீர் எங்கே, கடை எங்கே, ஏற்றம் எவ்வளவு என்று சொன்னால் போதும் என்பதும் சரி. ஆனால் கருவியாகவே பார்த்தாலும் இந்தக் குறிப்புகள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கோட்டை விடுகின்றன. ரோட்டை யார், எதற்காகப் போட்டார்கள் என்று தெரிந்தால், அது எப்படி இருக்கும் என்று போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

செவெனில் தார் இல்லாத பாதைகளை நான் மூன்று வகையாகப் பிரிப்பேன்.

ஒன்று, ஆட்டுப் பாதை. அங்கே 'த்ராய்' என்பார்கள். கோடையில் சமவெளியிலிருந்து லொசேர் மலைக்கும் எகுவாலுக்கும் மந்தைகளை ஏற்றிய தடம். ஆட்டுக்கு வளைவு தேவையில்லை. மலை முதுகைப் பிடித்து நேராக ஏறும். கல்லும் கரடுமாக இருக்கும். வரைபடத்தில் "கிராவல்" என்று போட்டிருக்கும், நீங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு, ராணுவப் பாதை. வண்டியும் பீரங்கியும் ஏறவேண்டும் என்பதால் ஏற்றம் அளவாக இருக்கும். ஸான்-ஜான்-து-காரிலிருந்து ஃப்ளோராக் வரை மலை முகட்டில் ஓடும், இன்றைக்குத் தார் போட்ட 'கார்னிஷ்' ரோடு இந்தப் பரம்பரையில் வந்ததுதான். காட்சி அருமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரிவது ரசிகனுக்காக அமைந்தது அல்ல. மேலிருந்து கண்காணிக்க வசதியான தடம் அது.

மூன்று, காட்டு இலாகா பாதை. எகுவால் மலையில் மேய்ச்சலும் மரவெட்டும் மிஞ்சி மண் அரித்துப்போனது; மழை பெய்தால் கீழே வெள்ளம். 1875 முதல் ஜார்ஜ் ஃபாப்ர் என்ற வன அதிகாரி அங்கே மறுபடியும் காடு வளர்த்தார். மேய்ச்சல் நிலம் போகிறதே என்று இடையர்கள் எதிர்த்தார்கள். மரம் நடவும் பிறகு வெட்டி இறக்கவும் போட்ட பாதைகள் சரிவைக் குறுக்காகச் சுற்றி, ஒரே சீரான ஏற்றத்தில் போகும். நாம் "கிராவலுக்கென்றே செய்த மாதிரி இருக்கு" என்று குதூகலிப்பது பெரும்பாலும் இவற்றில்தான். மரத்தடி ஏற்றிய வண்டிக்குச் செய்தது நமக்கும் பொருந்திவிட்டது.

ஆக, இந்தச் சரித்திரம் ஓட்டுகிறவருக்குக் கூடுதல் சுமை ஆகாது. எங்கே தள்ளவேண்டும், எங்கே மிதிக்கலாம் என்பதையும் அதுதான் சொல்கிறது.

இன்னொரு நடைமுறை விஷயம். "யாருமில்லாத இடம்" என்று படித்துவிட்டு வருகிறவர் அப்படித்தான் நடந்துகொள்வார். படலைத் திறந்தால் மூடமாட்டார். கீழே கிடக்கும் செஸ்ட்நட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது ஒருவருடைய விளைச்சல். மந்தைக் காவல் நாய் குரைத்தால் "காட்டில் இது எங்கேயிருந்து வந்தது" என்று கோபப்படுவார். 1970இல் தொடங்கிய செவென் தேசியப் பூங்காவின் மையப் பகுதியிலேயே வருடம் முழுக்க ஆட்கள் வசிக்கிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள். யுனெஸ்கோ 2011இல் இந்த நிலத்தை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, விவசாயமும் மேய்ச்சலும் உருவாக்கிய பண்பாட்டு நிலப்பரப்பு என்றுதான் சேர்த்தது. தீண்டாத இயற்கை என்று அல்ல. தீண்டியதற்குத்தான் அந்த மரியாதை.

எல்லாப் பாதைக் குறிப்பும் ஸ்டீவன்சன் மாதிரி ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. க்ராபே மாதிரி சும்மா இருந்தாலும் போதும். எண்களை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. வர்ணித்தே தீருவேன் என்றால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு வரி: இதை யார் போட்டது, எதற்கு?

என் குறிப்பில் அந்தப் பகுதியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "காட்டு இலாகா பாதை, ஏற்றம் சீரானது, நிழல் உண்டு, தண்ணீர் இல்லை. இரு பக்கமும் கைவிடப்பட்ட படிக்கட்டு வயல்கள். பைன் மரங்கள் அவற்றின் மேல் வளர்ந்தவை. சுவர்கள் பிடிமானம் இல்லாதவை, சைக்கிளைச் சாய்க்காதீர்கள்."

படத்தை எடுக்கவில்லை. கீழே இருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.