பெட்டியை அடுக்கியது யார்?

ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்காலக் கல்விப் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. அதனால் ஆகஸ்ட் பிறந்ததுமே இங்கே ‘பேக்கிங் வீடியோ’க்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். கூடத்துத் தரையில் இரண்டு பெரிய பெட்டிகள் வாய் பிளந்து கிடக்கும். சுற்றிலும் காற்றை உறிஞ்சிப் பலகைபோல் இறுக்கிய பொடிப் பாக்கெட்டுகள். இடம் வீணாகக் கூடாதென்று சாக்ஸ் அடைத்த மூன்று லிட்டர் குக்கர். அதன் மூடிக்கடியில் மாற்று கேஸ்கட் இரண்டு. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பேசுவார். புறப்படப் போகிற மாணவர் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார். இதைத் தாயன்பு என்று நெகிழ்பவர்கள் இருக்கிறார்கள், சிக்கனம் என்று கணக்குக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பொய்யில்லை. சனிக்கிழமை இரவு போய் இறங்கினால் மறுநாள் ஞாயிறு, ஜெர்மனியில் கடைகள் பூட்டியிருக்கும். கையிலிருக்கும் பருப்புப் பொடிதான் அன்றைய சாப்பாடு. விசாவுக்காக முடக்கி வைக்கிற 11,904 யூரோவில் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவதில் ஒவ்வொரு யூரோவுக்கும் மதிப்பு உண்டு. முதல் ஒரு மாதத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோவதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பெட்டிகள் ஒரு மாதத்துக்காக அடுக்கப்படுவதில்லை. விமான நிறுவனம் எத்தனை கிலோ அனுமதிக்கிறதோ, அத்தனை கிலோவுக்காக அடுக்கப்படுகின்றன. இதற்கு மேல் கூடாது என்று சொல்லப்பட்ட எடையை, இவ்வளவையும் நிரப்பியே ஆகவேண்டும் என்று வீடு எடுத்துக்கொள்கிறது. தராசு வரம்புக்குச் சற்றுக் குறைவாக 22.4 கிலோ காட்டினால் மனசு ஆறாது. இன்னொரு அப்பளக் கட்டு உள்ளே போகும். போகிற ஊரில் என்ன கிடைக்கிறது, என்ன செல்லும் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. ஈழத்தமிழர் நாற்பது ஆண்டுகளாக வேர்விட்ட நாடு ஜெர்மனி. ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயிலே இருக்கிறது. பெரிய நகரங்களில் தமிழ்க்கடையோ ஆசியக் கடையோ இருக்கும். மிளகாய்த்தூளும் புளியும் உளுந்தும் அங்கே கிடைக்கும். அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. நம் மூன்று முள் பிளக் அந்த நாட்டுச் சுவரில் நுழையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி நெய்யோ பால்கோவாவோ ஒரு கரண்டிகூட எடுத்துச் செல்ல விதி இடம் கொடுப்பதில்லை. அதே விதி கருவாட்டுக்கு 20 கிலோ வரை அனுமதி தருகிறது. தேங்காயும் வாழைப்பழமும் தடையின்றிப் போகலாம், பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் இதற்கு நேர் எதிராக நினைத்திருப்பார்கள். பெட்டியில் முதல் இடம் நெய்க்குத்தான்.

இவையெல்லாம் சொன்னால் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். என் அடிப்படையான மறுப்பு வேறு. இந்த வழக்கத்தில் பெட்டியை அடுக்குகிறவர் பயணம் போகிறவர் இல்லை. விமான நிலையத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? வெளிநாடு புறப்படும் பிள்ளை தயங்காமல் ஆமென்கிறது. வாழ்க்கையின் மிகப் பெரிய பயணத்தின் வாசலில் சொல்லும் முதல் வாக்கு அது, உண்மையில்லாத வாக்கு. சட்டம் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். அத்தை கடைசி நிமிடத்தில் செருகிய பொட்டலத்துக்கு அயல்நாட்டுச் சுங்க அதிகாரி முன்னால் பதில் சொல்ல வேண்டியது மாணவர்தான். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு, மாணவர் விசாவை ரத்து செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பெட்டியில் என்ன இருக்கிறதென்றே தெரியாதவர் எதை அறிவிப்பார்?

சுங்கத்தைத் தாண்டினாலும் கேடு தீர்வதில்லை. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் தரும் உறுதிச்சீட்டு வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேர அசல் சான்றிதழ்கள் வேண்டும். எந்தக் காகிதம் எந்த உறைக்குள், எந்தப் பையில் என்பதைத் தன் கையால் வைத்தவருக்கே தெரியும். மருந்தும் அப்படித்தான். நம் வீடுகளில் மாத்திரையைக் கம்பெனிப் பெயரால் அறிகிறோம், அந்தப் பெயர் அங்குள்ள மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் சொல்லாது. உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் மருத்துவரின் சீட்டும் வேண்டும் என்பதை, அட்டையைத் திருப்பிப் படித்துப் பெட்டியில் வைக்கிறவர் தெரிந்துகொள்வார். அப்பா வாங்கிப் போட்ட மருந்துப் பையைச் சும்மா சுமந்து போகிறவருக்கு அது காய்ச்சல் வந்த இரவில்தான் தெரியவரும்.

பிறர் தரும் பொருள் போகிறவரின் விவரத்துக்கு ஈடாகாது என்பதை நூறாண்டுக்கு முந்தைய இரண்டு பயணங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 1888-இல் காந்தி இங்கிலாந்தில் இறங்கியபோது வெள்ளை பிளானல் உடை அணிந்திருந்தார். நண்பர்கள் தேடித்தந்த உடை அது. கரையிறங்கும் நாளுக்கென்றே எடுத்து வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் அப்படி உடுத்தியிருந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். மூட்டைகள் சாவியோடு ஏஜென்டிடம் போய்விட்டதால் உடை மாற்றவும் வழியில்லை. அந்தக் கூச்சத்தைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். இன்னொருவர், 1914-இல் சென்னையிலிருந்து கப்பலேறிய கணித மேதை ராமானுஜன். கேம்பிரிட்ஜில் இரவெல்லாம் குளிர்கிறது, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுக்கிறேன் என்றாராம். அங்கே படித்துக்கொண்டிருந்த நண்பர் மகலனோபிஸ் அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக இருந்தன. இறுக்கிச் செருகி மேலே விரிப்புப் போட்டிருந்ததால், அவற்றை விலக்கி நடுவே படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து இன்னும் நான்கு கம்பளி கட்டிக் கொடுத்திருந்தால் அந்தக் குளிர் தீர்ந்திருக்குமா?

பிள்ளைக்கு விவரம் போதாது, விட்டால் பாதியை மறந்துவிடும் என்பார்கள். மறக்கட்டும். மறந்த துண்டை ஜெர்மனியில் போய் வாங்கிக்கொள்ளலாம். பெற்றோருக்கு அனுபவம் அதிகம் என்பதும் இங்கே பொருந்தாத வாதம். அவர்கள் அறிந்தது இந்த வீட்டை. போகிற அறையைப் பற்றிப் பல்கலைக்கழகம் எழுதிய மின்னஞ்சல் மாணவரிடம்தான் இருக்கிறது. அடுப்பு எது, மெத்தை உண்டா, போர்வை தருவார்களா என்று கேட்டெழுதும் உரிமையும் அவருக்கே. அம்மாவின் ஆறுதலைப் பறிக்கலாமா என்பது எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி. பிரிகிற தாய்க்குக் கைநிறைய ஒரு வேலை வேண்டும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு கிலோ பொடி இடித்துத் தருவதைவிட, புறப்படுவதற்கு முந்தைய ஒரு மாதம் பிள்ளையை அடுப்படியில் நிறுத்திப் பருப்பு வேகவைக்கவும் ரசம் கூட்டவும் பழக்குவது அவருக்கும் ஆறுதல்தானே? குறிப்பாக மகன்களுக்கு. அரிசி களையத் தெரியாத இருபத்திரண்டு வயதுக்காரனின் பெட்டியில் குக்கரை வைத்து அனுப்புவது அன்பின் பெயரால் செய்யும் பொறுப்பில்லாத காரியம். பொடி தீர்ந்த நாளில் அவன் பட்டினி தொடங்கும். அந்தக் குற்றம் பொடியைத் தந்து, சமைக்கக் கற்றுத்தராமல் அனுப்பிய வீட்டைச் சேரும்.

இந்த ஆண்டு வெளிநாடு புறப்படும் பிள்ளை இருக்கிற வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் வெறும் பெட்டியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பட்டியலை அவரே எழுதட்டும், கடைக்கு அவரே போகட்டும், எடையை அவரே போட்டுப் பார்க்கட்டும். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். அவர் மூடிய பெட்டியை யாரும் மறுபடி திறக்காதீர்கள்.