செகண்ட் ஹேண்ட் போர்ஷ 911 ஜிடி3: வாங்கலாமா?

பழைய ஜிடி3 வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "டிராக்கில் ஓட்டியிருக்கிறீர்களா?" "இல்லவே இல்லை" என்று பதில் வந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு அர்த்தமில்லை. ரேஸ் டிராக்கை மனதில் வைத்தே செய்த கார் இது. டிராக்கில் ஒழுங்காக ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஆயிலையும் பிரேக் ஆயிலையும் மாற்றி, பில்லைக் கோப்பில் வைத்திருப்பவரின் கார், வருடக்கணக்கில் ஷெட்டில் போர்த்திவைத்த காரைவிட எவ்வளவோ மேல்.

நான் ஓட்டிப் பார்த்தது 2006-ல் அறிமுகமான, 997 தலைமுறை ஜிடி3-யின் முதல் வடிவம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கைச் சுற்றியுள்ள ஐஃபெல் மலைச்சாலைகளில் ஓட்டினேன். பின்பக்கம் 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், டர்போ கிடையாது. 415 குதிரைத்திறன், 8,400 ஆர்பிஎம் வரை சுழலும். ஆறு கியர் மேனுவல் மட்டும்தான். போர்ஷ பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அழைக்கப்படும் இந்த எஞ்சின், 1998-ல் லெ மான் பந்தயத்தை வென்ற 911 ஜிடி1 காரின் எஞ்சினுக்கு நெருங்கிய உறவு. அந்தக் காலத்துச் சாதாரண 911-களை வாங்குவோரைப் பயமுறுத்தும் ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) உடையும் தொல்லை இதில் இல்லை.

ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் பின்னாலிருந்து கடகடவென்று சத்தம் வரும். பயப்பட வேண்டாம், இந்த வண்டியின் இயல்பு அது. ஆயில் நன்றாகச் சூடாகும்வரை பொறுமை வேண்டும். பிறகு 4,000-க்கு மேல் மிதித்தால் குரல் மாறுகிறது. 6,000-ஐத் தாண்டினால் உடம்பு சிலிர்க்கிறது. ஸ்டீயரிங்கில் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்கு வந்து சேர்கிறது. இன்றைய கார்களில் இந்த உணர்வு கிடைப்பதில்லை.

இனி, பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை.

முதலில் எஞ்சின் கம்ப்யூட்டரின் அறிக்கை. போர்ஷ தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் எடுத்துத் தருவார்கள். எஞ்சின் வரம்பை மீறிச் சுழன்ற தடவைகள், எவ்வளவு மீறியது என்பதைப் பொறுத்து படிப்படியாகப் பிரித்துப் பதிவாகியிருக்கும். கீழ்ப்படிகளில் எண்ணிக்கை இருந்தால் பரவாயில்லை. முழுவீச்சில் ஓட்டியதன் அடையாளம் அது. மேல்படிகளில் இருந்தால் உஷார். நான்காவது கியருக்குப் பதில் இரண்டாவதில் போட்டால்தான் அப்படி ஏறும், வால்வுகள் அடிவாங்கியிருக்கலாம். எஞ்சின் மொத்தம் ஓடிய மணிநேரமும் அதே தாளில் உண்டு. ஓடோமீட்டர் கிலோமீட்டரை அதனால் வகுத்துப் பாருங்கள். 48,000 கிலோமீட்டருக்கு 960 மணிநேரம் என்றால் சராசரி 50, நம்பலாம். 20-க்குக் கீழே வந்தால் மீட்டரில் கைவைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது கூலன்ட் குழாய். எஞ்சினில் சில குழாய் முனைகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பல வருடச் சூட்டில் பசை விட்டுப்போய் முனை கழன்றால், கூலன்ட் முழுவதும் பின்டயர் அடியில் கொட்டும். டிராக்கில் வேகமாகப் போகும்போது கொட்டினால் வண்டி சுழன்றுவிடும். பின்னால் வருபவருக்கும் அதே கதி. வெல்டிங் வைத்தோ, பின் அடித்தோ இதை நிரந்தரமாகச் சரிசெய்யலாம். ஆனால் எஞ்சினை இறக்க வேண்டும். ஏற்கெனவே செய்த பில் இருந்தால் அந்தக் காருக்குக் கூடுதல் விலை தரலாம்.

பிரேக் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது செராமிக் பிரேக் வாங்கிய கார். உள்ளே இரும்பு டிஸ்க் தெரிந்தால் டிராக்குக்காக மாற்றியிருக்கிறார்கள், தவறில்லை. கழற்றிய செராமிக் டிஸ்க்குகளையும் சேர்த்துக் கேளுங்கள், புதிதாக வாங்கினால் விலை மலைக்க வைக்கும். கியர்பாக்ஸைச் சோதிக்க, சூடேறிய பின் மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக இறக்குங்கள். கரகரத்தால், கியர் வழுக்கிக்கொண்டு விழ உதவும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பாருங்கள். முன்பம்பரின் கீழ் உதடு உரசியிருப்பது சகஜம். பெயின்ட் கனம் பேனலுக்குப் பேனல் மாறினால் விபத்து நடந்திருக்கலாம்.

இந்தியாவுக்குக் கொண்டுவரும் யோசனை வேண்டாம். மூன்று வருடத்துக்கு மேல் பழைய கார்களை இறக்குமதி செய்ய நம் விதிகள் இடம் தருவதில்லை. ஜெர்மனியிலோ பிரிட்டனிலோ வசிப்பவர்களுக்குத்தான் இந்த வாய்ப்பு.

வாங்கலாமா? தாராளமாக. குறைந்த கிலோமீட்டரைத் துரத்தாமல், கோப்பு தடிமனாக இருக்கும் காரைத் தேடுங்கள். வாங்கிய விலைக்கு மேல் டயர், பிரேக், ஒரு பெரிய சர்வீஸ் ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். அது கையில் இல்லையென்றால் அடுத்த வருடம் வரை காத்திருங்கள். வாங்கிய பிறகு டிராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுங்கள். இந்தக் காரின் முழுத் திறமையும் அங்கேதான் தெரியும்.