கல்லில் எழுதிய கதை

விஞ்ஞானி ஒருவர் கதை எழுதியிருக்கிறார் என்றால் நம் கதாசிரியர்களுக்குச் சற்று இளக்காரம்தான். கதை என்ற பெயரில் பாடம் நடத்தியிருப்பார் என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்ஸன் எழுதிய, ஸாம் மக்ரூடர் என்பவன் காலம் தப்பிப்போன கதையிலும் பாடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய பெரிய நூல்கள் தொடாமல் விட்ட ஒரு விஷயம் இந்தச் சின்னக் கதையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் மனிதரைப் பற்றி. 1902ல் சிகாகோவில் பிறந்தவர். 1927 முதல் 1959 வரை நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் வேலை, பிறகு ஹார்வர்டு. பூமிக்குள் கல்லாகிப்போன எலும்புகளை, முக்கியமாகப் பாலூட்டிகளின் எலும்புகளை, ஆராய்வது தொழில். 1930ல் எலும்பு தேடிப் பட்டகோனியாவுக்குப் போனார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி 1934ல் எழுதிய நூலைப் படித்தால், மனிதர்களையும் ஹாஸ்யத்துடன் கவனிக்கத் தெரிந்தவர் என்பது புரியும்.

அவர் பெயரை நிலைநாட்டியது 1944ல் வந்த ‘பரிணாமத்தின் வேகமும் விதமும்’. அதற்கு முன்னால், சோதனைச்சாலையில் ஈக்களை வளர்த்துப் பாரம்பரியத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு பக்கம். எலும்புகளை ஆராய்ந்தவர்கள் இன்னொரு பக்கம். உயிரினங்களுக்குள் ஏதோ ஒரு சக்தி இருந்துகொண்டு அவற்றை ஒரே திசையில் தள்ளுகிறது என்று பின்னவர்களில் பலர் நம்பினார்கள். அப்படி ஒரு சக்தி வேண்டியதில்லை, ஈக்களிடம் காணும் சிறு மாறுதல்களும் இயற்கைத் தேர்வுமே எலும்புகளின் சரித்திரத்தை விளக்கப் போதும் என்று சிம்ப்ஸன் காட்டினார்.

என்னைக் கவர்ந்தது அவர் வேகத்தைப் பற்றிச் சொன்னதுதான். இருபது வருஷத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டு ஒரு சாயங்காலத்துக்கு இருபது பக்கம் கொடுப்பவன் நாவலாசிரியன். இயற்கையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கடற்சேற்றில் வாழும் லிங்குலா என்ற ஓட்டுப் பிராணி கோடிக்கணக்கான வருஷங்களாக அதிகம் மாறவில்லை. குதிரை இனமோ சுமார் ஐந்தரைக் கோடி வருஷங்களில் உடல், கால், பல் எல்லாம் மாறிவிட்டது. ஒரு சிறு கூட்டம் புதிய வாழ்க்கைமுறைக்கு வெகு வேகமாகத் தாவும்போது அதன் தடயம் கல்லில் நிற்பது அபூர்வம். வரிசையில் இடைவெளிகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். துணிச்சலான கருத்து. 1953ல் எழுதிய பெரிய நூலில் அந்தத் துணிச்சலைத் தாமே குறைத்துக்கொண்டார். நிதானம் கூடியது, முதல் நூலின் உயிர் அதில் இல்லை.

குதிரைகளைப் பற்றிய 1951ஆம் வருஷ நூலில், சின்னக் குதிரை படிப்படியாகப் பெரிய குதிரையாயிற்று என்ற பாடப்புத்தகப் படத்தை மறுத்தார். அது நேர்கோடு அல்ல, புதர். பல கிளைகள் பட்டுப்போயின, ஒன்று எஞ்சியது. மனிதனும் அப்படியே. அவனை மனத்தில் வைத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் நன்மை தீமைக்கு அவனே பொறுப்பாளி என்று 1949ல் ‘பரிணாமத்தின் பொருள்’ என்ற நூலில் முடித்தார்.

சொல்வதற்கு இது எளிது. சுற்றிலும் மனிதர்கள் இருக்கும்போது பொறுப்புக்கு அர்த்தம் உண்டு. யாருமே இல்லாத இடத்தில்? அந்தக் கேள்வியைத்தான் கதை எடுத்துக்கொள்கிறது.

2162ஆம் வருஷத்தில் காலத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த மக்ரூடர் எட்டுக் கோடி வருஷம் பின்னால் வீசப்படுகிறான். டைனோசார்கள் திரியும் உலகில் அவன் ஒருவனே மனிதன். திரும்ப வழி கிடையாது. தன் கதையைக் கற்பலகைகளில் செதுக்கி வைக்கிறான். அவை பிற்காலத்தில் கிடைக்கின்றன. சரித்திராசிரியர், சாமானியர் என்று தொழிலாலும் குணத்தாலும் மட்டுமே அழைக்கப்படும் சிலர் உட்கார்ந்து அவற்றைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

இந்த விவாதக்காரர்கள் அட்டைப் பொம்மைகள். பேச்சில் பிரசங்க வாடை. நாவல் கலை என்று பார்த்தால் இந்தப் பகுதி தேறாது. ஆனால் மக்ரூடர் தனியாகப் பேசும் பக்கங்கள் வேறு ஜாதி. படிக்க ஒருவரும் பிறந்திராத உலகத்தில் ஒருவன் ஏன் எழுத வேண்டும்? கடவுளின் உத்தரவு என்றோ, விதியின் நோக்கம் என்றோ சிம்ப்ஸன் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தம் ஆயுட்கால உழைப்புக்கே துரோகம் செய்தவராவார். மனிதனாக இருப்பதால் எழுதுகிறான், அவ்வளவுதான். 1949ல் அவர் சொன்ன பொறுப்புக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. அதில் மக்ரூடர் தேறிவிடுகிறான்.

சிம்ப்ஸன் 1984ல் காலமானார். இந்தக் கதை அவர் காலத்தில் அச்சேறவில்லை. பின்னால் அவர் மகள் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுக்க, ஆர்தர் கிளார்க்கின் முன்னுரையுடனும் ஸ்டீபன் ஜே கூல்டின் பின்னுரையுடனும் 1996ல் வெளிவந்தது. உலகப் புகழ் பெற்றவருக்குப் பிரசுரகர்த்தர்கள் கிடைக்காமலா போயிருப்பார்கள்? எழுதி வைத்ததே அவருக்குப் போதும் என்று தோன்றியிருக்கலாம். கதையமைப்பின் குறைகளைப் பொறுத்துக்கொண்டு, அந்தக் கற்பலகைப் பக்கங்களையாவது வாசகர்கள் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.