நடுவில் நின்ற 99

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஜார்ஜியாவின் 2021 டிஃபென்ஸைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதல் கால் மணி நேரம் சண்டை வராது. வழக்கமான சீசனின் 12 ஆட்டங்களிலும் சேர்த்தே 83 புள்ளிகள்தான் கொடுத்தார்கள். வாண்டர்பில்ட், ஆர்கன்சா, ஜார்ஜியா டெக் மூவருக்கும் முட்டை. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அப்புறம் யாராவது ஒருவர், "சரி, அந்தப் பதினொரு பேரில் முதல் ஆள் யார்?" என்று வாயைத் திறப்பார். அத்தோடு அன்றைய சாயங்காலம் போச்சு.

லைன்பேக்கர் கட்சிக்காரர்கள் நகோபி டீன் என்பார்கள். பட்கஸ் விருது வாங்கியவர், ஃப்ளோரிடா ஆட்டத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு 50 யார்டு ஓடி டச்டவுன் போட்டவர். என்.எஃப்.எல்-தான் உரைகல் என்பவர்களுக்கு ட்ரேவான் வாக்கர். 2022 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் அவர்தானே. உணர்ச்சிவசப்படுகிறவர்களுக்குக் கீலி ரிங்கோ. அலபாமாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 79 யார்டு ஓடியதைப் பேச ஆரம்பித்தால் குரல் கம்மிவிடும். மூவரையும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் என் ஓட்டு ஜோர்டன் டேவிஸுக்குத்தான். நேற்று இல்லை, அந்த சீசனின் முதல் ஆட்டத்திலிருந்தே.

அது கிளெம்சனோடு நடந்த ஆட்டம். செப்டம்பர் 4, டேவிஸின் சொந்த ஊரான சார்லட். 10-3 என்று முடிந்தது. ஜார்ஜியாவின் ஒரே டச்டவுனைப் போட்டதும் டிஃபென்ஸ்தான்: கிறிஸ்டஃபர் ஸ்மித்தின் 74 யார்டு. அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் நினைவில் வைத்திருப்பது வேறொரு கணக்கு. கிளெம்சன் அன்று ஓடிச் சேர்த்தது மொத்தம் 2 யார்டு. சாக்கில் இழந்ததையும் கழித்த கணக்குதான் அது, ஒப்புக்கொள்கிறேன். கழிக்காமல் பார்த்தாலும் மெச்சிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

நோஸ் டேக்கிளாக சென்டருக்கு நேரெதிரே நிற்கும் டேவிஸ் என்ன செய்வார்? ஸ்னாப் ஆனதும் அவர் பாய்வதில்லை. சென்டரின் நெஞ்சில், தோள்பட்டைக் கவசத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு கைகளையும் ஊன்றுவார். சென்டரின் தலை மேலே எழும், முதுகு நிமிரும், குதிகால் தரையை விடும். அந்த நொடியிலேயே அவர் தோற்றாயிற்று. பக்கத்து கார்டு போட்டு வைத்திருக்கும் திட்டம் வேறு: டேவிஸை ஒரு இடி இடித்துவிட்டு அடுத்த தளத்துக்கு ஏறி டீனைப் பிடிக்க வேண்டும். ஆனால் விட்டுவிட்டுப் போனால் சென்டர் மல்லாந்துவிடுவார். அதனால் கார்டு போக முடியாது, நின்றுவிடுவார். இரண்டு பேர் ஒருவர் மேலேயே சாய்ந்துகொண்டு நிற்க, டேவிஸ் தலையை மட்டும் ஒரு பக்கம் திருப்பிப் பந்து எங்கே போகிறது என்று பார்ப்பார். ஓடி வருகிறவர் தான் நம்பி வந்த இடுக்கு அடைபட்டிருப்பதைக் கண்டு அரை அடி தயங்குவார். அந்த அரை அடிக்குள், யார் கையும் படாமல் டீன் வந்து சேர்ந்திருப்பார். ஒலிபெருக்கியில் டீன் பேர். கணக்கேட்டில் டீன் பேர்.

தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்களையும் மேலே இருக்கும் அலங்காரத்தையும் ஊரே பார்க்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில் இருக்கிறது.

ஆறடி ஆறங்குலம், 341 பவுண்டு. அந்த உடம்போடு டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 40 யார்டை 4.78 வினாடியில் ஓடினார் என்று இன்றைக்கும் வியக்கிறார்கள். சார்லஸ்டன் சதர்ன் ஆட்டத்தில் பந்தை அவர் கையிலேயே கொடுத்து ஒரு யார்டு டச்டவுன் போட வைத்ததையும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டும் வேடிக்கைதான். இரண்டுக்கும் அவருடைய ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

அட்லாண்டாவில் எனக்கொரு நண்பர் உண்டு. தீவிர அலபாமா பக்தர், என்னைவிட வயதில் இளையவர். "அண்ணே, உங்க ஆளு தேர்டு டவுன் வந்தா பெஞ்சுல உக்காந்திருக்காரு. பெஞ்சுல உக்காரவா அவுட்லண்ட் டிராஃபி, பெட்னரிக் அவார்டு எல்லாம் குடுத்தாங்க?" என்பார். கேலி நியாயமானதுதான். பாதிக்கும் குறைவான ஸ்னாப்களில்தான் டேவிஸ் களத்தில் இருந்தார். ஆனால் எதிரணி தேர்டு டவுனில் எட்டு யார்டு, ஒன்பது யார்டு என்று தவித்து நின்றதே, அது யாரால்? முதல் இரண்டு டவுனில் நடுவே வழி கிடைக்காததால். வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தவரை, உட்கார்ந்தார் என்று குறை சொல்வது என்ன நியாயம்?

நண்பருடைய பலமான வாதம் டிசம்பர் 4. எஸ்.இ.சி. லீக் இறுதியில் அலபாமா 41-24. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ப்ரைஸ் யங் 421 யார்டு எறிந்தார். ஜார்ஜியாவால் அவரை ஒரு தடவைகூட சாக் செய்ய முடியவில்லை. அன்று ராத்திரி எங்கள் ஆட்களே கத்தியையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஸ்டார் இடத்திலிருந்து ப்ரினியை எடு, ரிங்கோ பச்சைப் பிள்ளை, உட்கார வை, சேஃப்டிகள் தூங்குகிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு அணி எழுதினார்கள். பதினைந்து அணிகள் இருந்திருக்கும், ஒன்றிலும் ரிங்கோ இல்லை. எனக்கு அப்போதே பட்டது இதுதான்: குவார்ட்டர்பேக் நிம்மதியாக நின்று மூன்று எண்ணிவிட்டு எறிந்தால் எந்த கார்னரும் தப்ப முடியாது. கோளாறு பின்னால் இல்லை, முன்னால்.

2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபோலிஸில், தேசிய இறுதி ஆட்டத்தில், அதே அலபாமாவுக்கு எதிராகப் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் இறங்கினார்கள். 33-18. நாலு சாக். அலபாமாவின் ஓட்டம் மொத்தமே 30 யார்டு. ஜேலன் கார்ட்டர் ஒரு ஃபீல்டு கோலைக் கையால் தட்டிவிட்டார். உட்கார வைக்கச் சொன்ன அந்தப் பச்சைப் பிள்ளைதான் கடைசியில் கதையை முடித்தது. அலபாமா ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸ் முழங்காலில் அடிபட்டு இரண்டாவது கால் பகுதியிலேயே வெளியேறியிருக்காவிட்டால் என்று என் நண்பர் இழுப்பார். இருக்கலாம். ஆனால் ஓட்டத்தில் 30 யார்டுக்கு வில்லியம்ஸ் பொறுப்பில்லையே.

நண்பரிடம் நான் சொல்லி அவரும் மறுக்க முடியாமல் போன விஷயம் ஒன்று உண்டு. இந்த நோஸ் டேக்கிள் ரசனை ஜார்ஜியாவுக்கு வந்ததே அவருடைய அலபாமா வீட்டிலிருந்துதான். 2009-ல் டென்னசி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஃபீல்டு கோலைத் தடுத்து 12-10 என்று காப்பாற்றினாரே டெரன்ஸ் கோடி, அவர் நோஸ். ஆட்டம் முடியுமுன்பே ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். அதே கால் பகுதியில் அது அவருக்கு இரண்டாவது தடுப்பு. 2011-ல் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே சீசனை ஆடி முடித்த ஜாஷ் சாப்மனும் நோஸ்தான். அந்த டிஃபென்ஸ்தான் இறுதி ஆட்டத்தில் எல்.எஸ்.யு-வை மொத்தம் 92 யார்டில் நிறுத்தி 21-0 என்று அனுப்பியது. இரண்டு வருடமும் அலபாமாவின் டிஃபென்ஸை நடத்தியவர், பின்னாளில் ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளரான கிர்பி ஸ்மார்ட். கோடி, சாப்மன், டேவிஸ்: மூன்று பேரும் ஒரே வாத்தியார் கைவண்ணம். 2021-ன் புகழை அப்போதைய டிஃபென்ஸ் பயிற்சியாளர் டான் லானிங்குக்கு மட்டும் எழுதிவைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

2011 அலபாமாவா 2021 ஜார்ஜியாவா என்ற பட்டிமன்றத்துக்கு நான் போகவில்லை. 2001 மயாமி என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எப்போதும் கத்துவார். எட் ரீட் இருந்த அணியை மறுக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது வரும் அணிகளைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பள்ளியில் படிக்கும்போது டேவிஸுக்குக் கிடைத்தது மூன்று நட்சத்திரம்தான். நாலு வருடம் ஜார்ஜியாவின் ஏதென்ஸில் இருந்து உடம்பையும் மூச்சையும் சீராக்கிக்கொண்டார், என்.எஃப்.எல். போயிருக்கக்கூடிய நேரத்திலும் டெவான்டே வயட்டோடு சேர்ந்து கடைசி வருடத்துக்குத் திரும்பி வந்தார். சானிங் டிண்டலைப் பாருங்கள். நாலு வருடமும் பெரும்பாலும் மாற்று ஆளாகவே ஆடியவர், டிராஃப்டில் மூன்றாவது சுற்றிலேயே போனார். அந்த டிஃபென்ஸிலிருந்து முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர். அப்படிப்பட்ட கூட்டத்தில் காத்திருக்கவும் ஒரு மனது வேண்டும். 2021 ஏப்ரலில்தான் ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்ற விதி வந்தது. ஜூலையில் பிள்ளைகள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று வந்தது. சம்பாதிக்கட்டும், அதில் எனக்குப் பொறாமை இல்லை. பயிற்சியாளர்கள் கோடிகளில் வாங்கும்போது பிள்ளைகள் ஏன் வெறுங்கையோடு நிற்க வேண்டும்? ஆனால் இன்றைய டிண்டல் இரண்டாவது வருடமே வேறு ஊரில் இருப்பார். இன்றைய டேவிஸை, சாக் எண்ணிக்கை இரண்டுதானே என்று யாரும் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

அடுத்த வருடமும் ஜார்ஜியா ஒரு தோல்வியும் இல்லாமல் ஜெயித்ததே என்பீர்கள். ஜெயித்தது. எஸ்.இ.சி. இறுதியில் எல்.எஸ்.யு-வுக்கு 30, அரையிறுதியில் ஒஹையோ ஸ்டேட்டுக்கு 41 கொடுத்துவிட்டு ஜெயித்தது. கோப்பை கோப்பைதான், ஆனால் அதை டிஃபென்ஸின் அழகு என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு எரிச்சல் தொலைக்காட்சி. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. ஸ்னாப்புக்கு அப்புறம் நடுவில் நடக்கும் மல்லுக்கட்டு அரை வினாடி தெரியும், அதற்குள் கார்னரும் ரிசீவரும் திரையை நிறைத்துவிடுவார்கள். ஜார்ஜியாவின் சான்ஃபோர்ட் ஸ்டேடியத்தில் 50 யார்டு கோட்டுக்கு நேரே உட்காரக் கொள்ளைக் காசு கொடுக்கிறார்கள். எண்ட் ஜோனுக்கு மேலே, உயரத்தில் இருக்கும் மலிவான இருக்கைதான் லைனைப் பார்க்கச் சரியான இடம். அங்கிருந்து பார்த்தால் இடுக்குகள் திறப்பதும் மூடுவதும் கோலம் மாதிரி தெளிவாகத் தெரியும்.

அந்தக் கிளெம்சன் ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஸ்மித்தின் 74 யார்டை ஏற்கெனவே போதுமான அளவு பார்த்திருப்பீர்கள். பந்து யார் கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, முதல் டவுன் ஒவ்வொன்றிலும் டேவிஸின் சட்டையிலிருக்கும் 99-ஐ மட்டும் பாருங்கள். அதற்கப்புறமும் முதல் ஆள் நகோபி டீன்தான் என்றால் வாருங்கள், பேசுவோம்.