கூப்பிடுகிறவர் கையில் இருக்கிறது பெயர்

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ‘அதுக்கு என்ன அர்த்தம்?’ என்பதைத்தான். நாவலாசிரியர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிடுவார்கள், எந்தக் குரலில்? நல்ல தமிழ் நாவல்களில் பெயர் அகராதியில் இருந்து வருவதில்லை, கூப்பிடுகிறவர் வாயிலிருந்து வருகிறது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை (2000) எடுத்துக்கொள்வோம். கொங்குப் பகுதியில் கவுண்டர் வீடுகளில் ஆடு மேய்க்கும் சக்கிலியர் பிள்ளைகளின் கதை. கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி. குட்டையாக இருப்பவன் கூளையன், உயரமாக இருப்பவன் நெடும்பன், வவுறு என்கிற வயிற்றில் இருந்து வவுறி, காது கேட்காதவள் செவிடி. பண்ணையக்காரர் மகன் பெயர் மட்டும் செல்வன். உடம்பைப் பார்த்து வைத்த பெயர்களுக்கு நடுவில், ஆசைப்பட்டு வைத்த பெயர் அது ஒன்றுதான். ஒரு பிள்ளை என்னவாக வேண்டும் என்று அந்தப் பெயர் சொல்கிறது. மற்ற பெயர்கள், இந்தப் பிள்ளை பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆட்டுக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தானே! நிறம், கொம்பு, காது எப்படியோ அப்படி.

ஆனால் நாவலை வாசிக்க வாசிக்க இன்னொன்று நடக்கிறது. மேய்ச்சல் காட்டில் பிள்ளைகள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும்போது அதே பெயர்களில் இழிவு இல்லை. விளையாட்டும் உரிமையும் சண்டையும்தான் இருக்கின்றன. பெயர் மாறவில்லை, கூப்பிடும் வாய்தான் மாறியிருக்கிறது. எனக்கு இந்த நாவலின் பெரிய சாதனை இதுதான். கொடுமையைச் சொல்லும் நாவல்கள் நம்மிடம் நிறைய உண்டு. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு எடையோடு விழுவதைக் காது கேட்க எழுதியவை குறைவு.

வ. கீதா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது (2004) இந்தப் பெயர்களையும் சேர்த்தே மொழிபெயர்த்தார். கூளையன் ‘ஷார்ட்டி’ ஆனான், நெடும்பன் ‘டால்ஃபெல்லோ’, வவுறி ‘பெல்லி’. துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. அப்படியே ஒலிபெயர்த்து விட்டிருந்தால் ஆங்கில வாசகருக்கு அவை வெறும் அயல் சத்தமாகப் போயிருக்கும். ஆனால் தலைப்பில் இருக்கும் ‘மாதாரி’யை என்ன செய்வது? கூளையன் என்பது ஒரு பையனைக் குறிக்கும். மாதாரி என்பது, அவன் எவ்வளவு வளர்ந்தாலும் ஊர் அவனை எங்கே நிறுத்தும் என்பதைக் குறிக்கும். ஆங்கிலத் தலைப்பு பனை மரத்துக்குப் போய்விட்டது. அர்த்தத்தை மொழிபெயர்க்கலாம், ஒட்டிக்கொண்டு வரும் சாதியை எப்படி மொழிபெயர்ப்பது?

இந்த ஒட்டு மேல்சாதிப் பெயரில் வந்தால் அதுவே மரியாதை. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதை நாயகர் வெறும் கந்தசாமி அல்ல, மேலகரம் மே.க.ரா. கந்தசாமிப் பிள்ளை. ஊர், மூன்று இனிஷியல், சாதி என்று அத்தனையும் சுமந்துகொண்டு சென்னைத் தெருமுனையில் வந்து நிற்கிறார். அந்த நீளம்தான் கிண்டல். இதை எழுதியவர் சொ. விருத்தாசலம், அச்சில் தன் பிள்ளைப் பட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு ‘பித்தன்’ ஆனவர்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளில் (1994) பிரச்சினை தலைகீழ். ஆரோக்கியம், சவுரி, ஜோசப், பீட்டர், மேரி. எல்லாம் கோயில் கொடுத்த பெயர்கள், ஒன்றிலும் சாதி இல்லை. சவுரி என்பது சவேரியார் தேய்ந்து தேய்ந்து ஊர்க்காரன் ஆன வடிவம். ஆரோக்கிய மாதாவின் பெயரைத் தாங்கியவள், தலித் மக்களுக்குத் துணி வெளுத்து, ராத்திரிச் சோறு எடுத்து வாழ்கிறாள். ஊருக்கு அவள் வண்ணாத்தி. ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் அவளுடைய குடிசைக்குள் மட்டும் செல்லுபடியாகிறது. சாதியைச் சொல்லாத பெயர் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த நாவலை ஒருமுறை படிக்கணும்.

ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது வருகிற கதைகளில் கார்த்திக்கும் அருணும் திவ்யாவும் நிறைந்திருக்கிறார்கள். இல்லையா, பெயரே இல்லாத ‘அவன்’, ‘அவள்’. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பெருமையாக இருந்த ஒன்றைப் பலரும் அறியக் கைவிட்டதால் அது அரசியல். கதையில் பொதுப்பெயர் வைப்பது அப்படியா? பல நேரம் எழுதியவருக்கே அந்தக் கார்த்திக்கின் தாத்தா பெயர் தெரியாது. பெயரில் சாதி வேண்டாம், சரி. ஆனால் அவன் வாடகைக்கு வீடு தேடிப் போகிறான், வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே ‘சொந்த ஊர் எது தம்பி, எந்தத் தெரு?’ என்று கேட்கிறார். அந்த இடத்தில் கதை அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறது. அங்கே அவன் என்ன பதில் சொன்னான் என்பதைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.